சேர்மன் மாமாவின் நூற்றாண்டு மலருக்கு நான் ஏன் எழுதமாட்டேன்

டோர்ட்மண்ட்,
11.03.2025

அன்பு மச்சான் ஐங்கரனுக்கு,

என் முழங்கால் நீங்கலாக நானும் சுந்தரேஸ்வரியும் இங்கே நலம். கனடாவில் நீயும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பாவின், அதாவது என் தாய்மாமன் சேர்மன் அம்பலவாணரின், நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் புகழ்ந்து எழுதித் தரும்படி கேட்டிருந்தாய். எழுதமாட்டேன். வன்னி எல்லையில் காடு வெட்டிச் சனத்தைக் குடியேற்றிய காலத்தில் புளியங்காட்டுக் கிராமசபைக்கு அவர் தலைவராயிருந்ததையும், யானை, மலேரியா, அரசாங்கம் என்ற மூன்றோடும் மல்லுக்கட்டியதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுசன் தனக்கு வந்த ஒரு துண்டுக் கடதாசியைக்கூட எறியவில்லை என்பதும், 1985இல் அவ்வளவையும் ஒரு பெட்டியில் திணித்து என் தலையில் கட்டினார் என்பதும் உனக்குத் தெரியும்தானே. "உதுக்குள்ளை எங்கடை ஊரின்ரை சரித்திரம் கிடக்கு. உடுப்பை விட்டாலும் உதை விடாதை" என்றார். நானும் உடுப்பை விட்டேன். சனவரி மாதக் குளிரில் ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அரைக்கைச் சட்டையோடு, பதினெட்டுக் கிலோ சரித்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

சரி, அரசியல்வாதியின் கடிதங்கள், அகதி விசாரணைக்காவது உதவுமென்று பெட்டியோடு போனேன். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு மூன்று கடதாசியை உருவி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். ஒன்று மதகு உடைந்தது பற்றி. மற்றது பன்றி சுட ஒரு துவக்கு வேண்டுமென்று. மூன்றாவது, சேர்மனின் எருமை தன் வயலை மேய்ந்துவிட்டதாக ஒரு கிழவி கொடுத்த முறைப்பாடு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் யாருக்குப் பயந்து ஓடி வந்தேன், எருமைக்கா என்று கேட்டார். அந்த வழக்கு முடிய ஏழு வருடம். அதற்குள் ஒரு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கியவன், முப்பத்தொரு வருடம் கழித்துத்தான் கையைத் துடைத்தேன்.

வீடு நாலுதரம் மாறினோம். பெட்டியும் நிலவறைக்கு நிலவறை மாறியது. கடைசியில் சுந்தரேஸ்வரி, "ஒண்டில் உந்தப் பெட்டி போகவேணும், இல்லாட்டி நான் போறன்" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருந்த இரண்டு நாளையும் அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மகள் தேனுஜாதான் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தோடு பேசி ஒப்படைத்தாள். இப்போது மாமாவின் எருமை முறைப்பாடு சாம்பல்நிற அட்டைப்பெட்டியில், வருடம் முழுவதும் பதினெட்டுப் பாகை வெப்பத்தில் படுத்திருக்கிறது. எனக்கு அகதி முகாமில் அது கிடைக்கவில்லை.

போன மாதம், நாற்பது வருடம் நான் சுமந்த பெட்டியைப் பார்க்க, மூன்று வாரம் காத்திருந்து ஒரு டெர்மின், அதாவது வரச்சொல்லி ஒரு நேரம், எடுத்துத் தேனுஜாவோடு போனேன். பேனாவைப் பறித்துக்கொண்டு பென்சில் தந்தார்கள். காப்பாளர் லிண்ட்னர் அம்மையார் ஒரு பட்டியலை முன்னால் வைத்தார். இருநூற்றுப் பதினாலாவது வரியைத் தேனுஜா மொழிபெயர்த்துச் சொன்னாள்: "ஆசிரியர் நியமன விண்ணப்பம், எஸ். நவரத்தினம், 1978. முத்திரை ஒட்டப்பட்டுள்ளது. அனுப்பப்படவில்லை."

மச்சான், அது என்னுடைய விண்ணப்பம். சேர்மனின் சிபாரிசோடு போனால் வேலை நிச்சயம் என்று அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கேட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் அப்பா தோளில் தட்டி, "கொழும்புக்குப் போட்டுது தம்பி, பொறு" என்றார். அது கொழும்புக்குப் போகவில்லை. என் தோளில் ஏறி ஜெர்மனிக்கு வந்திருக்கிறது. நான் ஆசிரியராகாமல் போனதற்கான அத்தாட்சியை நானே விமானத்தில் கொண்டுவந்து, நாற்பது வருடம் ஈரம்படாமல் காத்திருக்கிறேன்!

தாருங்கள் என்றேன். ஏலாதாம், அது இப்போது சேகரிப்பின் பகுதியாம். பிரதி வேண்டுமென்றால் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவம் நிரப்பவேண்டுமாம். சம்பந்தப்பட்டவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும், உயிரோடிருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் இணைக்கவேண்டுமாம். எனவே நவரத்தினத்தின் கடிதத்தை நவரத்தினம் பார்ப்பதில் நவரத்தினத்துக்கு ஆட்சேபம் இல்லையென்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். லிண்ட்னர் அம்மையார் சிரிக்கவேயில்லை, வாங்கி முத்திரை குத்தினார்.

ஆகவே உன் மலரில் இதைப் போடு: சேர்மன் அம்பலவாணர் ஊருக்கெல்லாம் காணி எடுத்துக் கொடுத்தார். சொந்தத் தங்கையின் மகனுக்கு ஐந்து யார் தூரத்திலிருந்த தபால் பெட்டி வரை நடக்க அவருக்கு மனம் வரவில்லை. 1985இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டுப் பஸ் ஏறும்போது, ஏழு வருடமாய் வேலை எடுத்துத் தராத கோபத்தில், கட்டிப்பிடிக்க வந்தவரிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன்.

மச்சாள் கலாதேவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும். உன் சீனி வருத்தம் குறையட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியராகாத
நவரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காப்பகத்திலிருந்து பிரதி வந்துவிட்டது. விண்ணப்பத்தோடு குத்தியிருந்த இன்னொரு தாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து அம்மாவுடையது. "அண்ணை, இவனுக்கு உத்தியோகம் எடுத்துக் குடுக்காதேங்கோ. முதல் நியமனம் உங்கடை எல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடந்தானாம். போன மாதமும் அங்கை ஒரு வாத்தியாரை யானை அடிச்சுப் போட்டுதெண்டு சொல்லுகினம். எனக்கு இவன் ஒருத்தன்தான். கண்காணாத இடத்துக்கு இவனை விட எனக்கு ஏலாது. நான் சொன்னதெண்டு சொல்லிப் போடாதேங்கோ, பழியை நீங்கள் எடுங்கோ." விசா இல்லாததால் அம்மாவின் செத்த வீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் போனவன் நான். மலருக்கு எத்தனை பக்கம் வேண்டுமென்று சொல், எழுதித் தருகிறேன். நாற்பத்தேழு வருடம் மாமாவைத் திட்டியே காலத்தை ஓட்டினேன். அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, மச்சான்.