சனிக்கிழமை மிட்டாயும் என் வரிக் கணக்கும்

ஹால்டனில் இருக்கும் மதிப்புக்குரிய குன்வோர் அத்தைக்கு,

ஓஸ்லோவிலிருந்து சுன்னிவா எழுதுவது. இங்கே நான் நலம், பனியும் நலம். அங்கே உங்கள் முழங்காலும் மாமாவின் படகும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விஷயம் இதுதான்: எல்லை தாண்டி ஸ்வீடனில் மலிவாக மிட்டாய் வாங்குவதைத் தயவுசெய்து கொஞ்ச நாள் நிறுத்துங்கள். என் வேலை நிரந்தரமாவது அதில்தான் தொங்குகிறது.

எதற்கு எவ்வளவு வரி போட்டால் அரசுக்கும் வேண்டியது கிடைத்து ஜனங்களுக்கும் வலி குறையும் என்று கணினியில் தேடுவதுதானே என் வேலை, இந்தத் தடவை கணினி ‘மிட்டாய்’ என்று பதில் சொன்னது, ஏனென்றால் விலை எவ்வளவு ஏறினாலும் நம் நாட்டில் எந்தப் பிள்ளையும் வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சனிக்கிழமை மிட்டாயை விடாது, அதனால் பாரத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டுச் சம்பள வரியைக் குறைக்கலாமாம். எங்கள் பிரிவுத் தலைவர் அஸ்லாக் பூரித்துப்போய் அமைச்சரின் ஆலோசகர் ரண்டியையே அழைத்து வந்துவிட்டார். எனக்குத்தான் நாலு பேர் முன்னால் பேச்சு வராதே, உபசாரமாவது செய்வோம் என்று நீங்கள் அனுப்பிய மிட்டாய்ப் பையை மேஜை நடுவில் வைத்தேன். ரண்டி இரண்டு தின்றார், பையைத் திருப்பினார், விலைச்சீட்டைப் படித்தார்.

“இது ஸ்வீடன் கடையாச்சே. உன் கணக்குல ஸ்வீடன் எங்கம்மா இருக்கு?”

என் கணக்கில் எல்லைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, அத்தை.

“சேர்க்கலைங்க. எங்க அத்தை மட்டும்தான் அங்க போவாங்கன்னு நினைச்சேன்.” மன்னியுங்கள், வாயில் வந்துவிட்டது.

“இங்க வேற யாரெல்லாம் போறீங்க?” என்றார் ரண்டி. எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கடைசியில் அஸ்லாக் பாதிக் கையைத் தூக்கினார்.

“நான் பன்றிக்கறிக்குத்தான் போறேன். மிட்டாய்க்கடை வழியில இருக்கு.”

அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. அங்கேயே உட்கார்ந்து ஸ்வீடனைச் சேர்த்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன்; நம் மிட்டாய் வரி முழுக்க அவர்கள் கஜானாவுக்குப் போனது. ரண்டி சிரித்துவிட்டு, சரியாகச் செய்து மறுபடி கொண்டு வா, வேலையைப் பற்றி அப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்களைப் போன்றவர்கள் சில சனிக்கிழமைகள் வீட்டில் இருந்தால் என் பழைய பதிலே பிழைத்துக்கொள்ளும். நாட்டுக்காக இல்லாவிட்டாலும் எனக்காக.

மாமாவுக்கு அன்பு, பூனைக்கு ஒரு தடவல், உங்கள் காருக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
அண்ணன் மகள் சுன்னிவா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அஸ்லாக் வந்தார். நேரில் பார்க்காமல் ஸ்வீடனைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். சனிக்கிழமை அலுவலகமே இரண்டு காரில் வருகிறது, வழிகாட்ட நீங்கள் முன்னால் போக வேண்டும். கறி எந்தக் கடையில் மலிவு என்று அவர் கேட்கச் சொன்னார். நான் கேட்பது: உங்கள் டிக்கியில் என் மிட்டாய்க்குக் கொஞ்சம் இடம் இருக்குமா?