இருந்தாக

போடியில், ஏன், தேனி மாவட்டத்திலேயே, கம்ப்யூட்டருக்குப் புத்தி சொன்ன ஒரே ஆள் எங்கள் தெரு ரீஸ்டார்ட் மாமாதான். மற்ற நாங்களெல்லாம் அது சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டிருந்தோம்.

ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர். அத்தையின் பழைய சுங்குடிச் சேலைதான் அதற்கு உறை. அந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்: "நிப்பாட்டிட்டு மறுபடியும் போடு." கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை, மாமியார் மருமகள் சண்டைக்கும், வராத குடிதண்ணீருக்கும் அதையேதான் சொல்வார். அத்தை மட்டும் முணுமுணுப்பார்: "இவுகள நிப்பாட்டத்தான் சுவிச்சு இல்ல."

உலகத்தில் எதைப் பற்றியும் மாமாவுக்குக் கருத்து உண்டு. "செல்போனு மனுசனக் குனிய வைக்குது, கம்ப்யூட்டரு உக்கார வைக்குது. உக்காந்து பேசுறவந்தேன் மனுசன்." ஓ.டி.பி. வந்தால் கோபம் வரும். "வீட்டுக்காரனையே யாருன்னு கேக்குற கதவ இங்கனதேன் பாக்குறேன்!" கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. "மொய்யவும் பொம்மப்படமா வாங்கிக்கிருவாகளா?"

மகன் ஒரு மைக் வாங்கி அனுப்பினார். பேசினால் கம்ப்யூட்டரே தமிழில் எழுதும். அன்றிலிருந்து மாமாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் யுத்தம். மாமா பேசுவது போடித் தமிழ். அது எழுதுவது பாடப்புத்தகத் தமிழ். கொஞ்சம் மாற்றிப் பேசிப் பாருங்களேன் என்றேன்.

"நான் எதுக்குத்தா மாத்தணும்? வீட்டுக்கு வந்தது அது. அதுதேன் நம்ம பேச்சப் படிக்கணும்."

எழுதியதைத் திரும்பப் படிக்கவும் மாட்டார். அது எழுதினவரை அவமதிப்பதாம்.

இந்தக் கொள்கைதான் என் கல்யாணத்தில் கை வைத்தது.

எனக்குச் சுருளிப்பட்டியில் மாப்பிள்ளை பேசி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தது. அப்பா தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊருக்கே அவர் அண்ணாச்சி. சொந்தக்காரர்களை அழைக்க அன்று கடையைப் பூட்டிவிட்டு வருசநாட்டுப் பக்கம் போயிருந்தார். அங்கே மலைக்குள் போனால் போன் எடுக்காது. தெரு வாட்ஸப் குழுவில் யாரோ, "கடை பூட்டியிருக்கே, அண்ணாச்சி எங்கே?" என்று கேட்டார்கள். மாமா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மைக்கில் தெளிவாகச் சொன்னார்: "அண்ணாச்சி காலைல கடையிலதேன் இருந்தாக."

குழுவில் வந்தது: "அண்ணாச்சி காலையில் கடையில்தான் இறந்தார்."

முதலில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மகளைக் கட்டிக்கொடுக்கப் போவதை நினைத்துத்தான் அழுகிறார் என்று அம்மாவும் சேர்ந்து அழுதார். மாலையும் கையுமாகத் தெரு கூடிவிட்டது. நல்லவேளை, அப்பாவும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாகக் கேட்டார்: "யாரு தவறிட்டாக?"

தெரு சிரித்தது. சுருளிப்பட்டி சிரிக்கவில்லை. செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது. "நல்ல காரியத்துக்கு முன்னாடி இப்பிடி ஒரு வார்த்த விழுந்திருச்சு. கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கொஞ்ச நாள் போகட்டும் என்றால் எங்கள் பக்கம் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

மாமா வந்து நின்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நிப்பாட்டினது நாந்தேன். மறுபடியும் போடுறதும் நாந்தேன். நாளைக்கு எங்கூட வாங்க."

மறுநாள் பஸ்ஸில் மாமா மடியில் சேலை சுற்றிய மானிட்டர். அப்பா மடியில் சி.பி.யு. கண்டக்டர் என்ன ஏதென்று கேட்டதற்கு, "இதுதேன் குத்தவாளி, அவுக சாட்சி" என்றாராம் மாமா. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் என்ன நடந்தது என்பதை என் வீட்டுக்காரர் இன்றும் நடித்துக் காட்டுவார். கம்ப்யூட்டரை மாட்டி, போனிலிருந்து நெட் கொடுத்து, மைக்கை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினார் மாமா.

"தங்கச்சி, மச்சான் காலைல எங்கன இருந்தாகன்னு இதுகிட்டச் சொல்லு."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "இவுக திராட்சத் தோட்டத்துல இருந்தாக."

'இவர் திராட்சைத் தோட்டத்தில் இறந்தார்' என்று திரையில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். "அடப்பாவி மிசினே! ரெண்டு சம்மந்தியவும் அனுப்பிருச்சா? இனிமே யாருக்குச் சகுனம் பாக்குறது? குறிச்ச நாள்லயே வாங்க சம்மந்தி!"

நிச்சயதார்த்தம் நடந்தது. மாமாவை மைக் பக்கம் மட்டும் யாரும் விடவில்லை.

போன மாதம் போடிக்குப் போனபோது என் போனை அவரிடம் நீட்டினேன். "மாமா, அந்தப் பழைய வார்த்தையச் சொல்லுங்க." சொன்னார். 'அண்ணாச்சி காலைல கடையிலதேன் இருந்தாக' என்று எழுத்துப் பிசகாமல் வந்தது. ஆயுளில் முதல்முறையாக, எழுதியதைத் திரும்பப் படித்தார். கண் கலங்கியிருந்தது.

"நம்ம பேச்சப் படிச்சிருச்சேத்தா!" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அப்ப நான் போனதும் குரூப்புல நீயே சொல்லிப் போட்டிரு. இனிமே தப்பா வராது" என்றார்.

"வாயக் கழுவுங்க மாமா" என்று கத்திவிட்டேன். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

இந்தக் கட்டுரை முழுவதையும் போனில் பேசித்தான் எழுதினேன். கடைசி வரியை மட்டும் அதை நம்பி விட மனசில்லை. கையால் அடிக்கிறேன்.

மாமா இருக்காக.