நீல ஸ்டிக்கர் ஒட்டாத வீடு

நாலாவது தடவையாக அந்த வெள்ளை வண்டி பேச்சிக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, முத்துத்தாய் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கை கிள்ளியது வத்தலை. மனசு கிள்ளியது ஓரகத்தியை.

அண்ணன் வீரபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டவள் முத்துத்தாய், தம்பி பொன்னுச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள் பேச்சிக்கனி. பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே மார்பளவுக்கு ஒரு சுவர் எழும்பியது. அன்றிலிருந்து பதினோரு வருடமாக, சுவருக்கு அந்தப் பக்கம் எது வந்தாலும் இந்தப் பக்கம் புகையும்.

இப்போது வந்திருப்பது ஆராய்ச்சி. ஒரே ஊரில் ஒரு வீடு சீக்கும் பக்கத்து வீடு சௌக்கியமுமாக இருப்பது ஏன், குடும்பம் ஒருவர் உடம்பை எப்படி ஆக்குகிறது, எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்பதற்கு மதுரையில் ஒரு கல்லூரிக்குப் பெரிய நிதி வந்திருந்தது. அவர்கள் பரளச்சிக்கு வந்து பேச்சிக்கனி வீட்டு நிலையில் நீல ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிபி பார்க்கிற மிஷின் ஒன்றும் கொடுத்தார்கள். செவ்வாய்தோறும் சத்யபிரியா என்ற பெண் வந்து, பேச்சிக்கனி தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போனாள்.

தின்றதை எழுத ஓர் ஆள். முத்துத்தாய்க்கு அதுதான் தாங்கவில்லை. அவள் தின்றாளா இல்லையா என்று கட்டின புருசன்கூட இருபத்து மூன்று வருடத்தில் கேட்டதில்லை.

வண்டி கிளம்பும்போது வழிமறித்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கிறீக?"

"கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட லிஸ்டும்மா. நாங்களா எடுக்கலை."

"அவளுக்கு பிபி மட்டுந்தான். எனக்குச் சக்கரை. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டும் இருக்கு. அவுகளவிட நாங்கதான் பெரிய சீக்கு."

"லிஸ்ட மாத்துற அதிகாரம் எனக்கு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிஸ்ட் இல்லாவிட்டால் போகிறது, சுவர் இருக்கிறதே. அடுத்த செவ்வாய் முத்துத்தாய் வத்தலைச் சுவரோரமாகக் காயப்போட்டாள். காதைச் சுவர்மேல் வைத்தாள்.

"ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் உப்புக்கு மேல வேண்டாம்க்கா," என்று பேச்சிக்கனியிடம் சத்யபிரியா சொல்வது கேட்டது.

அன்று ராத்திரி வீரபாண்டி குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"உப்பே இல்லையே."

"ஒங்க தம்பிக்கு ஒரு ஸ்பூனாம். நீங்க அரை ஸ்பூன்ல நிக்கணும்."

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

"அவருக்கு அண்ணனாப் பொறந்தீகள்ல."

அதற்கடுத்த வாரம் நடைப்பயிற்சி. பேச்சிக்கனி சாயங்காலம் கண்மாய்க்கரை வரை ஒரு தடவை போய்வந்தாள். முத்துத்தாய் புருசனையும் இழுத்துக்கொண்டு இரண்டு தடவை போனாள். எதிரே ஓரகத்தியைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டாள். பேச்சிக்கனியும் எட்டிப் போட்டாள். கரை முடிவதற்குள் இரண்டு பேரும் ஓட்டமெடுத்திருந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து, "எந்த வீட்டுல துட்டி, யாரு செத்தது?" என்று விசாரித்தார்கள். அந்த அவமானத்தோடு பேச்சிக்கனி நடப்பதை நிறுத்திவிட்டாள். முத்துத்தாய் நிறுத்தவில்லை.

ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாகக் குதிரைவாலி என்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு வந்தது. இந்தப் பக்கம் மூன்று வேளையும் குதிரைவாலி ஆனது. கிடாக்குட்டி ஒன்றை விற்று, அருப்புக்கோட்டை போய் ஒரு பிபி மிஷினும் வாங்கி வந்தாள். பேச்சிக்கனியின் மிஷின் எண்ணை மட்டும்தான் காட்டும். இது வாய்விட்டுச் சொல்லும். தெருவே இவள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. போதாததற்கு, "ஏத்தா, எளைச்சு கொமரிப்புள்ள மாதிரி ஆயிட்ட," என்று ஒருத்தி பேச்சிக்கனி காதுபடச் சொல்லிவிட்டும் போனாள்.

பொறாமை சுவர் ஏறிக் குதித்தது. அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது. சாயங்காலமானால் உளுந்தவடை, ஞாயிறானால் கறிக்குழம்பு. புருசனுடைய அண்ணன் மூக்கைப் பார்த்து வாசனையை அனுப்பினாள் பேச்சிக்கனி. வீரபாண்டி ஆட்டுக்குத் தழை போடுகிற சாக்கில் சுவரோரம் நிற்க ஆரம்பித்தார்.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"இன்னைக்குத்தான்."

"மீசையில இருக்கது நேத்து வடை."

அன்றிலிருந்து அவருக்குக் கண்மாய்க்கரை மூன்று தடவை ஆனது. வடைக்கு ஆளில்லாமல் போகவே, சுட்டதை வீணாக்க மனசில்லாமல் பேச்சிக்கனியே தின்று தீர்த்தாள். கேட்டு எழுதுகிற பெண்ணிடம் மட்டும் குதிரைவாலி என்று சொன்னாள்.

வருடம் முடிந்தது. வெள்ளை வண்டி வந்து, இந்தத் தடவை முத்துத்தாய் வீட்டு வாசலில் நின்றது. அவள் உள்ளே ஓடிப்போய்க் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய டாக்டரம்மாவே இறங்கினார். இரண்டு வீட்டாரையும் நிறுத்தி எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

ஆராய்ச்சி தொடங்குமுன் ஊர்ப் பொது முகாமில் எடுத்த கணக்குக்கு முத்துத்தாய் எட்டு கிலோ குறைந்திருந்தாள். வீரபாண்டியின் சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது. பேச்சிக்கனி ஆறு கிலோ கூடியிருந்தாள், பிபி முன்னைவிட மேலே நின்றது. டாக்டரம்மா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சத்யபிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று முத்துத்தாயைக் கேட்டார் டாக்டரம்மா.

"யாரும் சொல்லிக்குடுக்கல. செவ்வாக்கெழம தவறாமச் சொவத்தோரம் நின்னு நானே கேட்டுக்கிட்டேன்." இந்த ஒரு நாளுக்காகத்தானே அவள் ஒரு வருடம் உப்பில்லாமல் தின்றாள். தலையை நிமிர்த்திச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "இப்பவாச்சும் எங்க வீட்டுல அந்த நீல ஸ்டிக்கர ஒட்டுவீகளா?"

டாக்டரம்மா போய் வண்டிக்குள் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முத்துத்தாய் டிரைவர் பால்சாமியைப் பார்த்தாள்.

"என்னண்ணே, நல்லாயிருக்கோம்னு சந்தோசப்படாம அந்தம்மா ஏன் இப்படிப் போகுது?"

"கையெழுத்து வாங்குனப்பவே ஒங்க வீட்டுக்காரர்ட்ட வெவரம் சொன்னாகளே, அவரு சொல்லலையா?"

வீரபாண்டிக்கு அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற ஞாபகம் வந்தது.

"எதுக்குக் கையெழுத்து?"

பால்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வீட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்து, ஒங்க வீட்டுக்கு ஒண்ணுமே சொல்லாம விட்டு வச்சு, ரெண்டுல எந்த வீடு தேறுதுன்னு பாக்கத்தான தாயி இம்புட்டுப் பணமும் வந்துச்சு."