வலது வால்வு

வால்வு சாருக்கு இதயத்தில் ஒரு வால்வு இல்லை என்று நம்பிய முட்டாள் நான். மேற்கு தாம்பரத்திலேயே சாவை இவ்வளவு நிதானமாக எதிர்கொள்கிறவர் வேறு யாருமில்லை என்றும் நம்பினேன்.

கீழ் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவர், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு ஞாயிறு காலை மாடிப்படி இறங்கும்போது, ஜன்னல் வழியாக அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“லெஃப்ட் வால்வு மட்டுந்தாம்பா இருக்கு. ரைட் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.”

மிச்சப் படிகளைத் தாண்டிக் குதித்தேன். உள்ளே ஓடினேன்.

“சார், இது எவ்ளோ நாளா?”

“ஒரு ஏழு கோடி வருஷமா இருக்கும்.”

சரி, மூளைக்கும் ரத்தம் போகவில்லை என்று முடிவுகட்டினேன்.

“பயப்படாதீங்க சார். குரோம்பேட்டைல ஒரு டாக்டர் இருக்கார். ரைட் வால்வெல்லாம் அவர்கிட்ட கிடைக்கும்.”

“நெஜமாவா?”

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தீப்பெட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவில் போய் நின்றார்.

ஆட்டோவில் அவர் நாடியைப் பிடித்தபடியே வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், பெரியவரு நல்லாத்தானே கீறாரு? உனுக்குத்தான் வேத்து ஊத்துது.”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்குள் சார் கேட்டுவிட்டார்.

“உங்களுக்கு எங்க கிடைச்சது டாக்டர்? அரியலூர்லயா?”

“எது?”

“ரைட் வால்வு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். சார் தீப்பெட்டியைத் திறந்தார். பஞ்சின் மேல் நகமளவு சிப்பி, கல்லாகிப் போனது.

“அரியலூர் கடலா இருந்தப்ப வாழ்ந்தது இது. சிப்பிக்கு ரெண்டு மூடி. அதத்தான் வால்வுன்னு சொல்றது. ரெண்டும் சேர்ற எடத்துல பல்லு இருக்கும். இந்த லெஃப்ட் மூடியோட பல்லு வேற மாதிரி இருக்கு. ரைட்டும் அப்படியே இருந்தா இது புது இனம், நான் பேர் வைக்கலாம்.” டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப… உங்ககிட்ட இல்லையா?”

டாக்டர் மெதுவாக, இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பஞ்சைச் சரிசெய்து பெட்டியை மூட சாருக்கு ரொம்ப நேரம் ஆனது.

திரும்பும்போது மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்ல தம்பி. ஆட்டோல போற வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்துது.”

“என்ன பேர் சார் வைக்கப்போறீங்க?”

“கொழந்த பொறக்கட்டும்.”

ஆட்டோக்காரர் புண்ணியத்தில் மறுநாளே தெருவுக்கு அவர் வால்வு சார் ஆகிவிட்டார்.

அடுத்த மழை முடிந்ததும் அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் வலது வால்வு கிடைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். அவர் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். அது ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம்தான்.