பல் டாக்டர் உப்புத்தாள் பிடித்த கதை

மூன்று நாளாகச் சுரண்டியும் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அசைந்து கொடுக்கவில்லை. முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவர் பல்லில் படிந்த காரையையே இதே சுரண்டும் கருவியால் பெயர்த்தெடுத்தவர் நம் பல் டாக்டர். அவருக்கே தண்ணி காட்டியது, எங்கேயோ பழைய சாமான் கடையில் பிடித்த ஓர் ஆளுயர வீடியோ கேம் பெட்டி.

திங்கட்கிழமை காலை எதிர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை முப்பது பிள்ளைகளோடு வருகிறார். பிள்ளைகள் அழாமல் பல்லைக் காட்டினால் மொத்தப் பள்ளிக்கூடமும் இவருக்கு. அழுதால், மீன் தொட்டி வைத்திருக்கும் பக்கத்துத் தெரு டாக்டருக்கு. அதனால்தான் வெயிட்டிங் ரூமில் பளபளவென்று சிவப்புப் பெயிண்டில் ஒரு கேம் பெட்டி நிறுத்தத் திட்டம்.

பெயிண்டரைக் கூப்பிடலாமே என்றார் நர்ஸம்மா.

"சொத்தையைச் சுரண்டி, அடைச்சு, மழமழன்னு தேய்க்கிறதுதானேம்மா நம்ம பொழப்பு? இதுக்குப் போய் வெளியாளா?" என்றார் டாக்டர்.

டிவியையும் பட்டன்களையும் கழற்றிவிட்டு, ஸ்டிக்கர் ஊறட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஆனால் அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. குடித்த தண்ணீருக்கு அங்கங்கே உப்பிக்கொண்டது. உப்பலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உப்பல் குழியானது. மேல் மூலை நாலும் மழுங்கி உருண்டுபோயின. வெளியே காத்திருந்த இருவர், அந்தச் சத்தம் கேட்டு, பல்வலி தேவலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

குழிகளைப் பல் அடைக்கும் சிமெண்டால் அடைத்தார். சிமெண்ட் கல்லாக இறுகியது. சுற்றியிருந்த பலகையோ தேய்க்கத் தேய்க்க இறங்கியது. குழி இருந்த இடமெல்லாம் இப்போது மேடு.

"பேசாம மீன் தொட்டியே வாங்கியிருக்கலாம் டாக்டர்," என்றார் நர்ஸம்மா. டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் தச்சரை வரவழைத்தார்கள். அவர் பெட்டியை விரலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"நீங்களா ஏதாவது பண்ணிப் பார்த்தீங்களா?"

தினமும் பத்துப் பேரிடம் இதே கேள்வியைக் கேட்கும் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்லயே கூப்பிட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப உள்ள வரைக்கும் போயிடுச்சு," என்று தச்சர் பெருமூச்சு விட்டார். அடியில் ஊறி அழுகிய நடுப்பகுதியை அறுத்து எறிந்தார். இரண்டு பக்கமும் கால் மாதிரிக் கொஞ்சம் மிஞ்சியது. மேலே அடிப்பூச்சாக வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார்.

செவ்வாய்க்கிழமை யாருக்கு வேண்டும்? டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே தேய்த்தார். காயாத பிரைமர் திட்டுத்திட்டாக உரிந்து, உள்ளேயிருந்து பழுப்பும் கறுப்பும் எட்டிப் பார்த்தன. உப்புத்தாளை வீசியெறிந்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகை வராத குறைதான்.

திங்கட்கிழமை பெட்டியின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்தார். வந்த பிள்ளைகளில் ஒன்று முதல் வேலையாக அதை இழுத்துவிட்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு.

அழுகுரல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், டிவி இருந்த ஓட்டைக்குள் ஒரு பெண் குழந்தை தலையை விட்டுக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பின்னால் வரிசையில் முண்டியடித்தார்கள். ஒரு வாண்டு தானாகவே போய் டாக்டரின் நாற்காலியில் ஏறி வாயைப் பிளந்து காட்டினான்.

தலைமையாசிரியை பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேடு பள்ளங்களையும் கறுப்புத் திட்டுகளையும் தடவினார், அடியிலிருந்த இரண்டு கால்களைக் குனிந்து பார்த்தார். டாக்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"எங்க ஸ்கூல் மொத்தமும் இனிமே உங்ககிட்டதான் டாக்டர், ஆனா இவ்ளோ பெரிய சொத்தைப் பல்ல, வேரோட, இப்படி அச்சு அசலா செஞ்சு வச்சிருக்கீங்க, தயவுசெஞ்சு இதுக்குப் பெயிண்ட் மட்டும் அடிச்சுடாதீங்க."