என் டெலிபோனுக்கு முறுக்கு வராத காரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
தை, 1997.

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு அத்திம்பேர் ஜகந்நாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா ஜயலக்ஷ்மி, டெலிபோன் மூவரும் சௌக்கியம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம், அது பேசுவதில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதற்குத்தான்.

நம் கமலவல்லி கல்யாணத்தில், "முதலாளிகளைச் சும்மா விட்டால் போதும் அத்திம்பேர், எதற்கும் தட்டுப்பாடே இல்லாத உலகம் வந்துவிடும்" என்றாய். கல்லூரியில் பொருளாதாரம் போதிப்பவன் நான். தலையாட்டியதோ எல்லாரும் உனக்கு. அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், டெலிபோன் விஷயத்தில் அந்த உலகம் வந்துவிட்டது. டெலிபோன் இலாகா சர்க்காருடையதுதான், ஆனால் சர்க்கார் கதவைத் திறந்துவிட்டதும் தனியார் கம்பெனிகள் சாமானைச் செய்து குவித்துவிட்டன.

போனுக்குப் பெயர் எழுதிவைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்து, தெருவிலேயே முதல் போன் வாங்கியவன் நான். யார் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் அடியில் என் நம்பரும் பக்கத்தில் பி.பி. என்றும் இருக்கும், அடுத்த வீட்டுப் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். நம்பர் கொடுத்தவனுக்கு முதல் பந்தி, மாப்பிள்ளைக்கு எதிர் இலை. ஞாயிறு காலையில் எதிர்வீட்டு அய்யம்மாள், பம்பாய் மகன் கூப்பிடுவான் என்று முறுக்கோடு வந்து உட்காருவாள். போன் வர மத்தியானம் ஆகும், அதுவரை ஊர்க்கதை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், எரிச்சலோடு முறுக்கைத் தின்பேன். இப்போது மனுக் கொடுத்தால் மறுமாதமே வந்து மாட்டிவிட்டுப் போகிறான். இந்தத் தெருவில் போன் இல்லாதது மாட்டுத் தொழுவங்களுக்கு மட்டும்தான். போன முகூர்த்தத்தில் எங்கள் தெருக் கண்ணுச்சாமி மகள் கல்யாணம், பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், என் நம்பர் இல்லை. பஸ் ஏறி ராஜபாளையத்து மண்டபத்துக்குப் போனால் மூன்றாவது பந்தி, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து இலை, பாயசம் தீர்ந்துபோச்சு. எல்லாம் நிறைஞ்சு வழியிற உலகத்துல, சக்ரபாணி, பாயசம் தீர்ந்துபோச்சு!

மனசு கேட்காமல் அய்யம்மாள் வாசலில் போய் நின்றேன்.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமை ஆளையே காணோமே?"

"எங்க வீட்லயே போன் இருக்குல்லா சார்! இதக் கேக்கவா வெயில்ல எறங்கி வந்திய? ஒரு போன் போட்டா சொல்லிருப்பம்லா."

"மகன் அடிக்கடி பேசுதானா?"

"எப்ப வேணும்னாலும் பேசலாம்லா. அதான் பேச மாட்டேங்கான்."

கண்ணுச்சாமி அதற்குள் வயரில்லாத போன் வாங்கிவிட்டான். வீட்டுக்குள் பேசமாட்டான், தெருவில் நின்று பேசினால்தானே எங்களுக்குத் தெரியும். ஆகவே எழுதிவைத்துக்கொள்: ஒரு சாமான் எல்லார் வீட்டுக்கும் வந்ததும், அடுத்த வீட்டில் இல்லாத இன்னொன்றை உன் முதலாளி செய்வான். தட்டுப்பாடு தீர்ந்துபோனால் அவன் எதைக் காட்டி விற்பான்? எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. இருப்பது போதும் என்கிறவன் நான்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். ஆண்டாள் உங்கள் எல்லாருக்கும் நல்ல புத்தி தரட்டும், முதலில் உனக்கு.

ஜகந்நாதன்

பி.கு.: உங்கள் மெட்ராஸில் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் போன் வந்திருக்கிறதாமே. உடனே ஒன்று வாங்கி அனுப்பு. இந்த ஊரில் அது வேலை செய்யாது என்கிறாள் உன் அக்கா. செய்ய வேண்டாம். பையிலிருந்து ஏரியல் நன்றாக வெளியே தெரிந்தால் போதும். வருகிற ஞாயிறு வந்து பார்க்கும்படி அய்யம்மாளிடம் சொல்லிவிட்டேன். முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள்.