செத்தவருக்கு முந்நூறு வாழ்த்து

வலது மூக்கில் மூச்சு ஓடும்போதுதான் போஸ்ட் போட வேண்டும். இடது மூக்கில் ஓடும்போது போட்டால் வேலை தேடுகிறவனுக்கு வேலை வராது. வேலையில் இருக்கிறவனுக்கு இருக்கிற வேலையும் போய்விடும். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒளிவட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது போலீசுக்குத் தெரியும்.

மூடிப்போன மரச்சாமான் கடையின் மாடியில் அவருடைய கூடம். காலையிலேயே படிக்கட்டு நிறைந்துவிடும். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிறவனுக்குக் கட்டடத்தில் ஏதோ செத்து நாறுகிறது என்று தோன்றும். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஜலதோஷம் பிடித்த இன்சூரன்ஸ்காரர் ஒருவர் எந்த மூக்கிலும் மூச்சு ஓடாமல், வாரம் முழுக்க ஒரு போஸ்ட்கூடப் போட முடியாமல், வாயைத் திறந்துகொண்டு ஓரமாக அழுதுகொண்டிருந்தார்.

ஏன் இவ்வளவு கூட்டம்? ஊரில் இருந்த பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் குறைத்திருந்தன. வேலை போனவன் கையில் மிஞ்சுவது போன். போனுக்குள் வேலைக்காரர்களும் முதலாளிகளும் சந்தித்துக்கொள்வதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. அதில் எல்லோரும் கோட் மாட்டிச் சிரிக்கிறார்கள். ஜென்மத்தில் கோட்டே போடாத வெல்டரும் கடன் வாங்கிய கோட்டில் சிரிக்கிறார். அங்கே யாரிடம் என்ன பேசுவது, எப்படிப் பழகுவது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம். வெட்கப்படுகிறவன் வீட்டு வாசலில்தானே எத்தன் கடை விரிப்பான்!

ஒளிவட்டர் விரித்தார். "உங்க போட்டோ ஏன் வட்டத்துக்குள்ள இருக்கு? யோசிச்சீங்களா? அதுதான் உங்க ஒளிவட்டம். கம்பெனிக்காரன் போட்டு வச்சதுன்னு நெனச்சீங்களா?"

கம்பெனிக்காரன் போட்டதுதான். ஆனாலும் கூட்டம் சிலிர்த்தது.

"உங்க வட்டம் ஏன் மங்கிக் கெடக்கு? வற்றிய தொடர்புகள்! உங்களோட வேலை பார்த்தவன், உங்களோட டீ குடிச்சவன், ஐநூறு தொடர்புகூட இல்லாதவன். இவங்கெல்லாம் உங்க ஒளியை உறிஞ்சுறாங்க. வெட்டி எறிங்க!"

வெட்டி எறிந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்தபடியே, ஆள் ஆளாக, வரிசை வரிசையாக. கூட வேலை பார்த்தவர், வேலை கற்றுக்கொடுத்தவர், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர், எல்லோரும் கட்டைவிரல் ஒன்றில் காலி. அதன்பிறகு ஒளிவட்டர் போனுக்குக் 'கண் திறப்பு' நடத்துவார். செப்புத் தட்டில் போனை வைத்து, வலது மூச்சில் ஒரு போஸ்ட். கொஞ்ச நேரத்தில் லைக்கும் வாழ்த்தும் கொட்டும். துணைத் தலைவர், மனிதவள இயக்குநர், பன்னாட்டு ஆலோசகர் என்று கோட் போட்ட பெருமக்கள் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். அவர்களில் யாராவது யாருக்காவது வேலை கொடுத்தார்களா? அதை மட்டும் எவரும் கேட்கவில்லை. கட்டணம் என்ற சொல்லே அங்கே கிடையாது. 'ஆற்றல் ஈடு' என்பார்கள். பணம்தான். பெயர் மட்டும் குளித்துவிட்டு வந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிரேன்காரர். வேலை பார்த்த சரக்கு முனையத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியாகக் கையில் கொடுத்த தொகையை அப்படியே ஆற்றல் ஈடாகக் கட்டிவிட்டு, கண் திறப்புக்குக் காத்திருந்தார். அவர் மனைவிக்கு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கண் திறப்பு நாளன்று காலையில் அவள் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியவர் பழைய முனையத்தில் கிரேன்காரருக்கு மேலதிகாரியாக இருந்த போர்மேன்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் என்னை ஏம்மா பிளாக் பண்ணி வச்சிருக்கான்? நான் இப்ப புது சரக்கு யார்டுல இருக்கேன். கிரேனுக்கு ஒரு ஆள் வேணும். சாயந்திரம் ஷிப்ட் மாறுறதுக்குள்ள அவனை இங்க வரச் சொல்லு. இல்லேன்னா மேல இருக்கவங்க வேற ஆளை ஏத்திடுவாங்க."

அவள் அதைக் கணவன் காதில் வைத்துக் கேட்கவைத்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் வற்றிய தொடர்பு. மொத்தமே நாப்பது பேர்தான் அவருக்கு."

"உங்க அப்பா செத்தப்போ தோள் கொடுத்தது அந்த வத்தினவர்தான். ஞாபகம் இருக்கா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. இன்னிக்கு எனக்குக் கண் திறக்குறாங்க. பழைய ஆளுங்களைத் தொட்டா எல்லாம் பாழாயிடும்னு ஐயா சொல்லியிருக்கார்."

"உங்களுக்குக் கண் திறக்குதோ இல்லையோ, வீட்ல அரிசி டப்பா திறந்துதான் கெடக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

"சும்மா இரு! மூச்சு மாறிடும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

பேக்கிங் வரிசையில் அவள் வேலை மிக எளிமையானது. பெட்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே சோப்பு இருந்தால் சத்தம் வரும். காலிப் பெட்டி என்றால் மொத்த வரிசையையும் நிறுத்திவிடுவார்கள். வெளியே ஒட்டிய படத்தைப் பார்த்து எவனும் பெட்டியைக் கடைக்கு அனுப்புவதில்லை.

கூடத்தில் கிரேன்காரர் முறை வந்தது. ஒளிவட்டர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், மூடிய கண்களோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தரைவரை தொங்கும் நீலத் திரை. பக்கத்துச் சுவரில் போன் திரையைப் பெரிதாகக் காட்டும் ஏற்பாடு.

"மனசுல உள்ளதை எழுதுப்பா. நான் வாசிக்க மாட்டேன். ஆற்றல் வாசிக்கும்."

கிரேன்காரர் வலது மூக்கைத் தேடிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் எது வலது என்று குழம்பிவிட்டது. "இங்க குடுங்க, நான் அடிக்கிறேன்" என்று மனைவி போனை வாங்கினாள். அடித்தாள். தட்டில் வைத்தாள்.

ஒளிவட்டர் தட்டைச் சுற்றிக் கையை ஆட்டினார். சுவரில் வாழ்த்து கொட்டத் தொடங்கியது.

'அருமையான முன்னேற்றம்!'

'இது ஆரம்பம்தான். இன்னும் உயரங்களைத் தொடுவீர்கள்!'

'உங்களோடு சேர்ந்து பயணிக்க ஆவலாக இருக்கிறேன்!'

ஐம்பது, நூறு, முந்நூறு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இன்சூரன்ஸ்காரர் தும்மிக்கொண்டே தட்டினார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. போஸ்ட்ல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சீங்களா?" என்றாள் அவள். போன் திரையை மேலே தள்ளினாள்.

சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: 'இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரான என் கணவர் இன்று காலை காலமானார். வருத்தத்துடன் மனைவி.'

கை தட்டியவர்கள் தட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். செத்தவர் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அடிப்பாவி!" என்றார் செத்தவர்.

"ஒரு துணைத் தலைவராவது ஐயோன்னு சொன்னாரா பாருங்க. செத்தவரோட சேர்ந்து பயணிக்க ஆசையாம்! போகட்டும், அனுப்பி வைப்போமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒளிவட்டர் கண்ணைத் திறக்கவில்லை. பழுத்த ஆள் அல்லவா!

"அம்மா, ஆற்றலுக்கு எழுத்து தெரியாது. அதிர்வுதான் தெரியும். உங்க வீட்டுக்காரரோட அதிர்வு அவ்வளவு உசத்தி. அதுக்குத்தான் வாழ்த்து."

முன்வரிசையில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அதிர்வு என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் கொலைக்கும் கைதட்டுவார்கள்.

"வாசிக்கும்னு இப்பதானே சொன்னீங்க? சரி, எழுத்து தெரியாது. காது கேட்குமா?"

அந்தத் தளத்தில் வாழ்த்துச் சொன்னவரை நேராகக் கூப்பிட ஒரு பொத்தான் உண்டு. கூடத்தில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. பெரிய மனிதர்களைத் தொந்தரவு செய்யலாமா? அவள் முந்நூறில் ஒரு துணைத் தலைவரை எடுத்துக் குலுக்கினாள். அதாவது, பொத்தானை அமுக்கினாள்.

நீலத் திரைக்குப் பின்னால் போன் அடித்தது.

துண்டித்தாள். சத்தம் நின்றது. மனிதவள இயக்குநரைக் கூப்பிட்டாள். திரைக்குப் பின்னால், கொஞ்சம் இடதுபக்கமாக, வேறொரு போன் அடித்தது.

"மச்சான், எடுத்துத் தொலைக்காதே!" என்று ஒளிவட்டர் கத்தினார். அதிர்வு அவர் வாயிலேயே வந்துவிட்டது.

அவள் நீலத் திரையை இழுத்தாள். செருப்பு வைக்கிற அலமாரி மாதிரி ஒன்று. தட்டுத் தட்டாக, வரிசையாகப் போன்கள். நடுவில் பனியனோடு ஒரு மனிதர், வாயில் பாதி பன், இரண்டு கையிலும் போன். ஒளிவட்டரின் மச்சான். முந்நூறு துணைத் தலைவர்களும் இயக்குநர்களும் அவர் ஒருவரே.

"செத்துட்டாருன்னு போட்டிருந்துதே, வாழ்த்துறியே, படிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா படிக்கிறது? ஒரே வாழ்த்தை ஒட்டிக்கிட்டே போறேன். காலையிலிருந்து இப்பதான் ஒரு பன்னு" என்றார் அவர். அந்தக் கட்டடத்தில் அன்று பேசப்பட்ட முதல் உண்மை அதுதான்.

அப்போது செப்புத் தட்டில் கிடந்த போனே அடித்தது. இந்தத் தடவை கூடத்தில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பழைய முனையத்தில் கேன்டீன் வைத்திருந்த அக்கா. கிரேன்காரர் வெட்டி எறியும்போது கண்ணில் படாமல் தப்பியிருந்தாள். அவளுக்குத் தொடர்பு மொத்தமும் பன்னிரண்டு பேர்.

"என்னம்மா போட்டிருக்கே? எந்த ஆஸ்பத்திரி? பிள்ளைங்க எங்க? நான் ஆட்டோல ஏறிட்டேன்..." மூச்சு எந்த மூக்கில் ஓடுகிறது என்று பார்க்க முடியாதபடி அந்தக் குரல் அழுதது. கூடம் முழுக்கக் கேட்டது.

கிரேன்காரர் போனை வாங்கினார். "அக்கா, நான்தான். நான் சாகல."

"சாகலையா? பின்ன ஏன்டா இப்படிப் போட்டே? அறிவு கெட்டவனே, என் உசிரே போச்சு! வந்து உன்னைச் சாகடிக்கிறேன் இரு!"

அவர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோட்டைக் கழற்றினார். மனைவி பையிலிருந்து பழைய சட்டையை எடுத்து நீட்டினாள்.

அவர்கள் படியிறங்கியபோது மேலே கலாட்டா நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒளிவட்டர் கழிப்பறை ஜன்னல் வழியாக வெளிச்சத்தை நோக்கிப் போய்விட்டார். மீதிப் பேர் மச்சானைச் சுற்றி நின்றார்கள். திட்டுவதற்கு அல்ல. "சார், அவர் போகட்டும். நீங்க தொடர்ந்து லைக் போடுவீங்கல்ல?" என்று கேட்க.

யார்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் மாறுகிற சங்கு இன்னும் ஊதவில்லை, ஆனால் ஆட்கள் சட்டை மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். போர்மேன் கிரேன்காரரைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். கேன்டீன் அக்கா ஆட்டோவிலிருந்தே அவருக்கும் போன் போட்டு அழுது முடித்திருந்தாள்.

"ஏன்டா, செத்தவனுக்கு வேலை குடுக்கச் சட்டத்துல இடமில்லையேடா."

"உசிரோடதான் இருக்கேண்ணே."

"எதுக்குடா என்னைப் பிளாக் பண்ணினே?"

கிரேன்காரர் பொய் சொல்லப் பார்த்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். "உங்களுக்குத் தொடர்பு கம்மி, என் ஒளியை உறிஞ்சுறீங்கன்னு ஒருத்தன் சொன்னான்ணே. நம்பிட்டேன்."

போர்மேன் கெட்ட வார்த்தையில் நீளமாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அண்ணாந்து கிரேனைக் காட்டினார். "ஏறு. நாலு பெட்டி இறக்கிக் காட்டு. மேல இருக்கவங்க பெட்டி ஆடாம இறங்குதான்னுதான் பார்ப்பாங்க. என்கிட்ட நீ பேசவேண்டியதை அப்புறம் பேசு. அதுக்கு நாளாகும்."

அவர் ஏறினார். பெட்டிகள் ஆடாமல் இறங்கின. வேலை கிடைத்தது. போர்மேன் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேச மாதக்கணக்கானது. கிரேன்காரர் வெட்டியவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடி எழுதினார்: எப்படி இருக்கீங்க, இப்ப எங்க வேலை, எங்க யார்டுல ஆள் கேக்குறாங்க, வேணுமா. சிலர் பதில் போட்டார்கள். சிலர் போடவே இல்லை. அவர்களுக்கும் மானம் உண்டு.

உங்கள் போனிலும் ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கிறார்களா? சந்தோஷம். அதில் ஒருத்தரைக் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால், கழுத்துக்கு மேலே ஒரு பொருள் வாங்கின அன்றிலிருந்து உறை பிரிக்காமலே கிடக்கிறதே, அதை எடுத்துக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். தேய்ந்து போகாது.